ஜூரி ஆலோசகருக்கு 38,000 டாலர் கொடுக்கலாமா?

கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராகப் பணியாற்றி வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பாதசாரிகள் கடக்கும் கோட்டின் மீது நடந்துகொண்டிருந்தபோது, வலப்பக்கம் திரும்பிய டெலிவரி வேன் அவர் மீது மோதியது. இடுப்பெலும்பு முறிந்தது, தலையிலும் அடி. எலும்பு கூடிவிட்டது. ஆனால் தலைவலி விடவில்லை. எண்களையும் பெயர்களையும் முன்போல் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மருந்தின் அளவைக் கணக்கிட்டுத் தரும் வேலைக்குத் திரும்ப அவருக்கே துணிச்சல் வரவில்லை. வேனை ஓட்டியவர் மீதும், அவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்த நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்திருக்கிறார். கைப்பேசியைப் பார்த்தபடி நடந்ததால்தான் விபத்து நேர்ந்தது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் 4.5 லட்சம் டாலர் தர முன்வந்திருக்கிறது. விசாரணைக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன.

இந்நிலையில் அவருடைய வழக்கறிஞர், ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) வழக்கை எப்படிப் பார்க்கும் என்று முன்கூட்டிச் சோதித்துச் சொல்லும் ஜூரி ஆலோசகர் ஒருவரை 38,000 டாலருக்கு அமர்த்தலாம், பணத்தை இப்போது தர வேண்டாம், கிடைக்கும் தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். கணவருக்கு இதில் உடன்பாடில்லை. “இது ஜூரியை வளைக்கிற வேலை. நானாவதி வழக்குக்குப் பிறகு இந்தியாவில் ஜூரியை எடுத்ததே இதனால்தான்” என்கிறார். மைத்துனரோ, “நம்மவர்கள் நாலு பேரை உட்கார வைத்துவிட்டால் போதும்” என்று சொல்வதோடு, ஜூரிக்கு வருபவர்களை லிங்க்டுஇன்னிலும் ஃபேஸ்புக்கிலும் தேடித் தரத் தயாராக இருக்கிறார். வாசகியின் கவலை வேறு: “யார் முன்னாலும் எனக்கு அழுகை வராது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிப் பழகியவள். டெபோசிஷனிலும் (விசாரணைக்கு முன்பு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கச் சத்தியத்தின் கீழ் சொல்லும் வாக்குமூலம்) அப்படித்தான் சொல்லிவிட்டேன். என் ஆங்கில உச்சரிப்பையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் முன்னால் நான் எப்படி நிற்பேன்? அழுவதற்கும் பேசுவதற்கும் அந்த ஆலோசகர் எனக்குப் பயிற்சி கொடுப்பாரா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்ற வேகத்தில் எது சரி என்ற கேள்வியை வீட்டில் ஒருவர் விடாமல் கேட்பது நல்லதுதான்.

இது சட்டப்படி சரியா?

சரிதான். ஜூரியை வளைப்பது என்றால், ஜூரியில் இருப்பவரிடமோ ஜூரிக்கு அழைக்கப்பட்டவரிடமோ நீதிமன்றத்துக்கு வெளியே வழக்கைப் பற்றிப் பேசுவது, பணம் காட்டுவது, மிரட்டுவது, ஆள் விட்டு நெருக்குவது. கலிஃபோர்னியத் தண்டனைச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி அது குற்றம். ஜூரி ஆலோசகர் உண்மையான ஜூரி யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவர் பேசுவது உங்கள் வழக்கறிஞரிடமும், உங்களிடமும், கூலி கொடுத்து வரவழைக்கப்படும் மாதிரி ஜூரியிடமும்தான். காப்பீட்டு நிறுவனங்களும் பெரிய கம்பெனிகளும் இவர்களைப் பல காலமாக வழக்கமாகவே அமர்த்தி வருகின்றன. உங்கள் எதிர்த்தரப்பும் அமர்த்தியிருக்கலாம், அதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கைப் பொறுத்தவரை, 1959இல் பம்பாயில் ஒன்பது பேர் கொண்ட ஜூரியில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி அல்ல என்றதும், நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியதும் உண்மை. ஆனால் அன்று பேசப்பட்டதெல்லாம் பத்திரிகைகள் நானாவதியின் பக்கம் நின்று எழுப்பிய இரைச்சலைப் பற்றித்தான்; அங்கே ஆலோசகர் என்று ஒருவர் இருக்கவில்லை. ஒரே வழக்கோடு இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்துவிடவும் இல்லை. ஒவ்வொரு மாநிலமாகக் குறைந்துகொண்டே வந்து, 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போனது. அமெரிக்காவில் நிலைமை வேறு. உங்களுடையது போன்ற சிவில் வழக்கிலும் ஜூரி கேட்பது கலிஃபோர்னிய அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. அந்த ஒன்பது பேருக்கு உங்கள் கதை எப்படிக் கேட்கும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள முயல்வதில் தவறு ஏதும் இல்லை.

ஆலோசகரால் எது முடியும், எது முடியாது

“நமக்குச் சாதகமான ஜூரியைப் பொறுக்கித் தருவார்” என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடச் சொல்வேன். எந்தத் தரப்புக்கும் ஜூரியைப் பொறுக்கும் அதிகாரம் இல்லை. கவுண்டியிலிருந்து குலுக்கல் முறையில் அழைக்கப்பட்டவர்களில் யாரை வேண்டாம் என்று சொல்லலாம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. ஒருவர் நடுநிலையாக இருக்க மாட்டார் என்பதற்குக் காரணம் காட்ட முடிந்தால், எத்தனை பேரை வேண்டுமானாலும் நீக்கும்படி நீதிபதியிடம் கேட்கலாம். காரணம் சொல்லாமல் நீக்கும் வாய்ப்பு, வாதி ஒருவர் பிரதிவாதி ஒருவர் என்றால் ஆளுக்கு ஆறு. உங்கள் வழக்கில் பிரதிவாதிகள் இருவர் என்பதால் பக்கத்துக்கு எட்டு. அதே எட்டு எதிர்த்தரப்புக்கும் உண்டு. உங்களுக்கு மிகவும் பிடித்துப்போனவரை அவர்கள்தான் முதலில் நீக்குவார்கள்.

இந்தத் தொழில் பிறந்த வழக்கே அதன் எல்லையைக் காட்டிவிட்டது. 1972இல் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரில், வியட்நாம் போரை எதிர்த்த கத்தோலிக்கப் பாதிரியார்கள், கன்னியாஸ்திரீ உள்ளிட்ட ஏழு பேர் மீது, ஹென்றி கிஸிங்கரைக் கடத்தச் சதி செய்ததாக வழக்கு நடந்தது. ஜே ஷுல்மன் என்ற சமூகவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த வட்டாரத்து மக்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி, எப்படிப்பட்டவர்கள் பிரதிவாதிகளை அனுதாபத்தோடு பார்ப்பார்கள் என்று கணித்துக் கொடுத்தார்கள். கடைசியில் முக்கியக் குற்றச்சாட்டில் பத்துப் பேர் விடுவிக்கலாம் என்றார்கள். இரண்டு பேர் குற்றவாளிகள்தான் என்று பிடிவாதமாக நின்றார்கள். ஜூரி முடிவுக்கு வராமல் கலைந்தது. பத்துக்கு இரண்டு என்பது பெரிய வெற்றி என்று சொல்லி அந்தத் துறை வளர்ந்தது. ஆனால் எதிராக நின்ற இருவரில் ஒருவர், போருக்குப் போக மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்த மகன்களின் தாய். எல்லாக் கணக்குப்படியும் அவர் அனுதாபம் காட்டியிருக்க வேண்டியவர். வயது, தொழில், குடும்பம் ஆகியவற்றை வைத்து ஒரு மனிதரின் முடிவைக் கணிக்கலாம் என்று யாராவது உறுதி கொடுத்தால் அவர் வேலையை நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் ஆலோசகரால் என்ன பயன்? ஒன்று உண்டு, அது பெரிய பயன். வழக்கோடு இரண்டு வருடமாக வாழ்ந்துகொண்டிருக்கும் உங்களுக்கும் உங்கள் வழக்கறிஞருக்கும் கண்ணில் படாத ஓட்டையை, வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத பத்துப் பேர் அரை நாளில் காட்டிவிடுவார்கள். ஃபோகஸ் குரூப் என்பதும் மாதிரி விசாரணை என்பதும் இதற்காகத்தான். ஒரு ஹோட்டலின் கூட்ட அறையிலோ, இப்போது பெரும்பாலும் இணைய வழியிலோ, கவுண்டி மக்களைப் போன்ற கலவையில் ஆட்களைக் கூட்டி, இரு தரப்பு வாதத்தையும் சுருக்கிச் சொல்லி, அவர்களைத் தங்களுக்குள் பேசவிட்டுக் கவனிப்பார்கள். சைக்கிளில் போனவர் மீது கார் மோதிய ஒரு வழக்கின் மாதிரி விசாரணையை நான் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பக்க வழக்கறிஞர்களும் காரின் வேகத்தைப் பற்றியே வாதாடியிருந்தார்கள். அறைக்குள் இருந்தவர்களில் ஒரு முதியவர், “அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்?” என்று கேட்டார். அதன் பிறகு வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்சு முழுக்கச் சட்டையின் நிறமும் விளக்கு எரிந்ததா என்பதுமாகவே போயிற்று. அந்த விவரத்தை வாதித் தரப்பு ஆவணங்களில் தேடக்கூட இல்லை. மறு வாரமே தேடி எடுத்தார்கள்.

உங்கள் வழக்கில் அந்தச் சட்டை உங்கள் கைப்பேசிதான் என்று நினைக்கிறேன். அடிபட்டவர் மீதே பழியைத் தேடுவது கல்நெஞ்சத்தால் அல்ல. “நான் கவனமாக இருப்பேன், எனக்கு இப்படி நடக்காது” என்று நம்பினால்தான் கேட்பவருக்கு மனம் நிம்மதி அடைகிறது. நம்மில் எல்லோருக்கும் இது உண்டு. கலிஃபோர்னியாவில் உங்கள் பக்கம் ஓரளவு தவறு இருந்தாலும் இழப்பீட்டு உரிமை போய்விடாது. 1975இல் லி எதிர் யெல்லோ கேப் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்மானித்தது. ஆனால் தவறின் அளவுக்குத் தொகை குறையும். ஜூரி உங்கள் இழப்பை 10 லட்சம் டாலர் என்று மதித்து, 30 சதவீதத் தவறு உங்களுடையது என்றால், கைக்கு வருவது 7 லட்சம். ஆகவே கைப்பேசி பற்றிய ஒவ்வொரு சந்தேகமும் உங்களுக்குப் பணக் கணக்குதான். அழைப்புப் பதிவுகள் எதைக் காட்டுகின்றன, அதை ஜூரிக்கு எளிதாக விளக்க நிபுணர் தேவையா என்பதை மாதிரி ஜூரி சொல்லிவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மாதிரி ஜூரி ஒரு தொகையைச் சொன்னால் அதை ஜோசியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துத் தீர்ப்புத் தொகையை யாராலும் கணிக்க முடியாது. அதைவிட முக்கியமானது, அங்கே எதிர்த்தரப்பு வாதத்தை யார் வைக்கிறார் என்பது. உங்கள் வழக்கறிஞர் தம் கட்சியை நெஞ்சுருகப் பேசிவிட்டு, எதிர்க்கட்சியை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் ஒப்படைத்தால், வருகிற முடிவு உங்களை மகிழ்விக்கும், விசாரணையில் கைவிட்டுவிடும். உங்களை எதிர்த்து வாதாட அங்கே மிகத் திறமையான ஒருவர் நிற்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

“நம்மவர்கள் நாலு பேர்”

மைத்துனர் அன்பினால் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது நடக்காது. நடத்த முயல்வதும் கூடாது.

ஜூரியில் உட்கார அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். சன்னிவேலிலும் சான் ஹோசேயிலும் உங்கள் தெருவில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தாலும், எச்1பி விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களுக்கு ஜூரி அழைப்பு பொருந்தாது. தமிழ்ச் சங்கத்திலோ கோயிலிலோ உங்களை அறிந்தவர் வந்தால், அறிமுகம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் பெரும்பாலும் விலக்கப்படுவார். மிஞ்சி வருகிற இந்திய வம்சாவளியினர் உங்கள் பக்கம் சாய்வார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. “நானும்தான் இந்த நாட்டில் கஷ்டப்பட்டு வேலை பார்த்தேன், தலைவலி இல்லாதவர் யார்” என்று மிகக் கறாராகப் பேசுபவர் நம்மவராகவே இருக்கக்கூடும்.

சட்டமும் இங்கே தெளிவாகக் குறுக்கே நிற்கிறது. இனத்தைக் காரணமாக வைத்து ஜூரியிலிருந்து ஆளை நீக்கக் கூடாது என்று 1986இல் பாட்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1991இல் எட்மன்சன் வழக்கில் அதைச் சிவில் வழக்குகளுக்கும், 1994இல் ஜே.ஈ.பி. வழக்கில் பாலின வேறுபாட்டுக்கும் விரித்தது. கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், சிவில் நடைமுறைச் சட்டத்தில் 231.7ஆம் பிரிவைச் சேர்த்திருக்கிறது. அது 2022 முதல் குற்ற வழக்குகளிலும், 2026 ஜனவரி 1 முதல் சிவில் வழக்குகளிலும் செல்லும். இதன்படி வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இனம், தேசம், மதம் முதலியவை ஒரு காரணியாக இருந்திருக்கும் என்று விவரமறிந்த நியாயமான ஒருவருக்குத் தோன்ற நிறைய வாய்ப்பு இருந்தாலே போதும். ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பது போன்ற காரணங்கள் தொடக்கத்திலேயே செல்லாதவையாகக் கருதப்படும். இந்தச் சட்டம் உங்களுக்குக் காவலும்கூட. இந்திய முகம் என்பதற்காக ஒருவரை எதிர்த்தரப்பு நீக்க முயன்றால் உங்கள் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்கலாம். அந்த உரிமையைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அதே காரியத்தைத் தாங்களும் செய்யாதிருக்க வேண்டும். “இன்ன இனத்தவரை நீக்குங்கள்” என்று பட்டியல் தருகிற ஆலோசகர் கிடைத்தால், அவரை அன்றே அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

இணையத்தில் தேடும் வேலையை மைத்துனர் தொடவே கூடாது. ஜூரி தாமாகவே பொதுவெளியில் போட்டு வைத்திருப்பதை வழக்கறிஞர் பார்க்கலாம். நட்பு கோருவதோ, பின்தொடர அனுமதி கேட்பதோ கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2014இல் தன் 466ஆம் கருத்துரையில் கூறியிருக்கிறது. லிங்க்டுஇன் போன்ற தளங்களில் யார் வந்து பார்த்தார்கள் என்ற தகவல் அந்தப் பக்கத்துக்கு உரியவருக்குப் போகும். அதுவே தொடர்புகொண்டதாகாது என்று அந்தக் கருத்துரை சொன்னாலும், ஜூரியில் உட்கார்ந்திருப்பவர் தம் பக்கத்தை வாதியின் உறவினர் ஒருவர் நோட்டம் விட்டதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நீதிபதியின் காதுக்குப் போனால் ஜூரியைக் கலைத்து வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டிவரலாம். இதைச் செய்யத் தெரிந்தவர் செய்யட்டும், அதுவும் உங்கள் வழக்கறிஞரின் மேற்பார்வையில்.

கேள்விகள் வழியாக அறிந்துகொள்ளும் வழி இதைவிட நேர்மையானது, பயனும் அதிகம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 222.5ஆம் பிரிவு, ஜூரிக்கு வருபவர்களிடம் வழக்கறிஞர்கள் தாராளமாகக் கேள்வி கேட்க இடம் தருகிறது. அதற்கு முன்பு வழக்கைப் பற்றி வாதமில்லாமல் சுருக்கமாகச் சொல்லவும், எழுத்துக் கேள்வித்தாள் கொடுக்கவும் கேட்கலாம். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விகளை வடிவமைப்பதில் கைதேர்ந்தவர். “பாரபட்சம் இல்லாமல் இருப்பீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். “ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாத தலைக்காயத்துக்குப் பணம் கேட்பது சிலருக்குப் பிடிப்பதில்லை, சிலர் அதை ஏற்கிறார்கள், நீங்கள் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்?” என்று கேட்டால் மனம் திறப்பார்கள். அந்தப் பதிலை வைத்து நீக்குவது சட்டத்துக்கும் உகந்தது, வழக்குக்கும் உகந்தது.

உங்கள் சாட்சியம்

அழுவதற்குப் பயிற்சி தருவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தரக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுப்பது பொய்ச் சாட்சிக்குத் தூண்டுவதில் போய் முடியும். எப்படித் தெளிவாகச் சொல்வது என்று பழக்குவது மட்டுமே அவருடைய வேலை: கேள்வியை முழுதாகக் கேட்பது, அதற்கு மட்டும் பதில் சொல்வது, புரியாவிட்டால் புரியவில்லை என்பது, குறுக்கு விசாரணையில் அவசரப்படாமல் இருப்பது. இந்த அளவோடு நிற்கும் பயிற்சி உங்களுக்கு மிகவும் உதவும் என்று நம்புகிறேன்.

டெபோசிஷனில் “நன்றாக இருக்கிறேன்” என்று சொன்னதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஜூரி முன்னால் படித்துக் காட்டுவார். அதில் சந்தேகம் வேண்டாம். சத்தியத்தின் கீழ் சொன்னதை மாற்ற முயலாதீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை எனக்கு எழுதியதைப் போலவே அங்கும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: வீட்டில் மாத்திரை டப்பாவை நிரப்பும்போது மகளை அருகில் உட்கார வைத்து எண்ணச் சொல்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் மருந்தளவைக் கணக்கிட்ட ஒருவர் தம் சொந்த மாத்திரையை எண்ண மகளின் துணையை நாடுகிறார் என்பதைச் சொல்ல அழுகை தேவையில்லை. நிதானமாக, உண்மையாகச் சொன்னால் போதும். இதை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. உடனே சொல்லுங்கள்.

உச்சரிப்புக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தக் கவுண்டியின் ஜூரியில் பல நாட்டு உச்சரிப்புகள் இருக்கும். மருத்துவமனையில் ஆங்கிலத்தில் பணியாற்றியவர் விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனாலும் தலைக்காயத்தால் களைப்படையும்போது ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால், அதை மருத்துவரின் அறிக்கையோடு சேர்த்து முன்கூட்டியே உங்கள் வழக்கறிஞரிடம் பேசி வையுங்கள். நீதிமன்றத்துக்கான தகுதி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் கடைசி நேரத்தில் எளிதில் கிடைக்க மாட்டார்.

இரகசியம்

மாதிரி ஜூரி சொன்னதும் ஆலோசகர் எழுதிக் கொடுப்பதும் எதிர்த்தரப்பின் கைக்குப் போகாமல் பொதுவாகச் சட்டம் காக்கிறது. வழக்கறிஞரின் தயாரிப்பு வேலை என்ற பாதுகாப்பு அது. பின்னாளில் தொலைக்காட்சியில் ‘டாக்டர் ஃபில்’ என்று புகழ்பெற்ற ஃபில் மெக்ரா முன்பு இந்தத் தொழிலில்தான் இருந்தார். சென்டன்ட் நிறுவனப் பங்கு வழக்கில் அவர் கொடுத்த ஆலோசனையை வெளிப்படுத்தச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்டபோது, 2003இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் மறுத்துவிட்டது. உங்கள் வழக்கு மாநில நீதிமன்றத்தில் நடந்தாலும் கலிஃபோர்னியச் சட்டத்திலும் இதற்கு வலுவான பாதுகாப்பு உண்டு. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: ஆலோசகரை அமர்த்துவது நீங்களாக இருக்கக் கூடாது, உங்கள் வழக்கறிஞராக இருக்க வேண்டும், அவருடைய அறிக்கையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரக் கூடாது, மைத்துனருக்கும் அனுப்பக் கூடாது. வெளியாள் கைக்குப் போனது இரகசியம் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுக்காதீர்கள்.

பணம்

“இப்போது தர வேண்டாம்” என்ற சொல் ஆறுதலாக இருக்கும். ஆனால் அது உங்கள் பணம்தான். ஜெயித்தால் தோற்றவரிடம் வழக்குச் செலவை வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தால், இந்தச் செலவு அதில் சேராது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 1033.5ஆம் பிரிவு, ஜூரியைப் பற்றி விசாரிக்கவும் ஜூரித் தேர்வுக் கேள்விகளுக்குத் தயாராகவும் ஆகும் செலவைத் தோற்றவரிடம் வசூலிக்க முடியாதவற்றின் பட்டியலில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது.

அடுத்து, உங்கள் கட்டண ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வெற்றியில் பங்கு என்ற அடிப்படையில் வேலை செய்யும் வழக்கறிஞர், செலவுகள் அவருடைய பங்கையும் உங்கள் பங்கையும் எப்படிப் பாதிக்கும் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று கலிஃபோர்னியச் சட்டம் சொல்கிறது. அந்த வரி சிறியது, விளைவு பெரியது. கிடைப்பது 6 லட்சம், மொத்தச் செலவு 90,000, வழக்கறிஞரின் பங்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையில் பங்கு கணக்கிட்டால் அவருக்கு 2,40,000 போய், செலவும் போய், உங்களுக்கு 2,70,000. செலவைக் கழித்த பிறகு பங்கு கணக்கிட்டால் அவருக்கு 2,04,000, உங்களுக்கு 3,06,000. அதற்குப் பிறகு மருத்துவச் செலவைக் கொடுத்த காப்பீட்டு நிறுவனமும் தன் பங்கைக் கேட்கும். வழக்கு தோற்றால் இந்த 38,000 யார் தலையில் விழும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். 1982 முதல் இயங்கும் அமெரிக்க விசாரணை ஆலோசகர் சங்கம் நடத்தை நெறிகளை வகுத்திருக்கிறது, ஆனால் உறுப்பினராவது அவரவர் விருப்பம். ஆகவே சாண்டா கிளாராவில் விபத்து வழக்குகளில் வேலை பார்த்திருக்கிறாரா, பெயருக்கு ஒருவரும் வேலைக்கு இன்னொருவரும் வருவார்களா, முடிவில் எழுத்தில் என்ன தருவார், தொகை ஒரே முடிவான தொகையா அல்லது மணிக்கணக்கா என்று கேளுங்கள்.

என் யோசனை

38,000க்கு என்னென்ன அடங்கும் என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் அதில் ஃபோகஸ் குரூப், முழு நாள் மாதிரி விசாரணை, சாட்சிப் பயிற்சி, ஜூரித் தேர்வு நாளில் ஆலோசகர் நேரில் வந்து உட்காருவது எல்லாம் சேர்ந்திருக்கும். உங்கள் வழக்குக்கு முதலில் தேவை, கைப்பேசியையும் கண்ணுக்குத் தெரியாத தலைக்காயத்தையும் மட்டும் சோதிக்கும் ஒரு சிறிய இணைய வழி ஃபோகஸ் குரூப். அதைச் சில ஆயிரம் டாலருக்குள் முடிக்கலாம். கூடவே ஓரிரு அமர்வுகள் சாட்சிப் பயிற்சி. தேர்வு நாளில் ஆலோசகர் உட்காருவதைக் கடைசியாக யோசிக்கலாம். சாண்டா கிளாராவில் பல விசாரணைகள் நடத்தியிருக்கும் வழக்கறிஞர் என்றால் அது இல்லாமலும் சமாளிப்பார்.

ஆனால் இதை இந்த மாதத்திலேயே செய்ய வேண்டும். இரு தரப்பும் நிபுணர் பெயர்களைப் பரிமாறிக்கொள்வது வழக்கமாக விசாரணைக்கு 50 நாட்களுக்கு முன்பு. கைப்பேசிப் பதிவுகளை விளக்க ஒரு நிபுணர் தேவை என்று அதற்குப் பிறகு தெரிந்தால், அவரைச் சேர்க்க நீதிமன்ற அனுமதிக்குப் போராட வேண்டிவரும்.

காப்பீட்டு நிறுவனம் சொன்ன 4.5 லட்சத்துக்கும் இந்த வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அது வாய்ப்பேச்சில் வந்த தொகையா, அல்லது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 998ஆம் பிரிவின்படி எழுத்தில் வந்ததா என்று இன்றே கேளுங்கள். எழுத்தில் வந்தது என்றால் 30 நாட்களில், அல்லது அதற்கு முன்பே விசாரணை தொடங்கினால் அப்போதே, அது காலாவதியாகும். ஏற்காமல் விட்டு, தீர்ப்பில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்காவிட்டால், அதன் பிறகு எதிர்த்தரப்புக்கு ஆன செலவு உங்கள் தொகையில் கழிக்கப்படும். நீதிபதி நினைத்தால் அவர்களுடைய நிபுணர் கட்டணமும் சேரும். அதேபோல் நீங்களும் ஒரு தொகையை எழுத்தில் முன்வைக்கலாம்; அவர்கள் மறுத்து, தீர்ப்பு அதைவிட உயர்ந்தால், நிபுணர் கட்டணம் அவர்கள் மீது விழலாம், முன்வைத்த நாளிலிருந்து ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும் சேரும். எந்தத் தொகையை முன்வைப்பது என்று தீர்மானிக்க, முன்பின் தெரியாதவர்கள் உங்கள் வழக்கை எப்படிக் கேட்டார்கள் என்ற அறிவு உதவும்.

ஃபோகஸ் குரூப் முடிந்ததும் அதன் பதிவை உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து நீங்களே பாருங்கள், சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சில பேச்சுகள் வலிக்கும். கணவரையும் உட்கார வைக்கலாமா என்பதை இரகசியப் பாதுகாப்பு கருதி வழக்கறிஞரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு சமரசமா விசாரணையா என்ற முடிவுக்கு வாருங்கள். அந்த முடிவு சட்டப்படி உங்களுடையது. வழக்கறிஞர் ஆலோசனை சொல்லலாம், ஆலோசகர் அறிக்கை தரலாம், உங்கள் ஒப்புதல் இல்லாமல் வழக்கை ஒரு தொகைக்கு முடிக்க இருவருக்கும் உரிமை இல்லை.